கொக்கியோட வாய்

அந்தச் சேரை இந்தப் பக்கமா இழுத்துப் போட்டு உக்காருங்க. வண்டிக்கு ரொம்பக் கிட்ட வேண்டாமுங்க, டிரம்மைக் கழட்டினா கரித்தூளாட்டம் தூசி வரும், சட்டையெல்லாம் போயிரும். பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் பிரேக் ஷூ மாத்தறதுக்கு எனக்கு ரெண்டரை மணி நேரம் ஆகுமுங்க. பொள்ளாச்சி டவுனுக்குள்ள போனீங்கன்னா முக்கா மணி நேரத்துல முடிச்சுச் சாவியைக் கையில குடுத்துருவாங்க. அவசரமுன்னா அங்க போய்க்கங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்.

இல்லீங்களா? செரி.

ஏன் அத்தனை நேரம்னு அல்லாரும் கேப்பாங்க. நீங்களும் கேக்கத்தான் வாயைத் தொறந்தீங்க. சொல்றனுங்க. எனக்கு ஒருத்தன் மேல வன்மம் இருந்துதுங்க. இருந்துதுன்னு என்ன, இருக்குது. அவன் என்ற கூடப் பொறந்த அண்ணன். பேரு ஆறுச்சாமி. என்ற பேரு கிட்டுசாமி. எங்கம்மாவுக்கு நாங்க ரெண்டே பேருதான், அதனால வேற பேரு எதையும் நீங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டியதில்லை.

கோட்டூர் ரோட்டுல அவன் பேர்ல ஒரு ஒர்க்ஷாப் இருந்துது. பேரு அவனுது, வேலை ரெண்டு பேருதும். பிரேக் வேலைன்னா எங்களுக்கு மிஞ்சி இந்தப் பக்கம் ஆள் கெடையாதுங்க. வால்பாறைக்குப் போற வண்டியெல்லாம் எங்ககிட்டத்தான் வரும். நாப்பது கொண்டை ஊசி வளைவு. அதுல எறங்கற வண்டிக்கு இஞ்சினை விடப் பிரேக்குத்தான் உசுரு. அவன் வலது சக்கரத்துல உக்காருவான், நான் எடது சக்கரத்துல உக்காருவேன். பதினாறு வருசம் அப்படித்தான். நடுவுல பேச்சே இருக்காது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல டிரம்மை மூடிட்டு எந்திரிப்போம். அவன் மாட்டினதை நான் பாத்ததில்லை, நான் மாட்டினதை அவன் பாத்ததில்லை. பாக்கோணும்னு தோணினதே இல்லீங்க. அண்ணன் வேலையைத் தம்பி சோதிச்சுப் பாப்பானுங்களா?

இன்னாசி வாத்தியாருன்னு ஒருத்தரு. ஹைஸ்கூல்ல டிரில் வாத்தியாரு. அவரு வண்டிக்குப் பின் பிரேக் ஷூ மாத்திக் குடுத்தோம். ரெண்டு மாசம் கழிச்சு வால்பாறையில இருந்து எறங்கி வாராரு, ஒம்பதாவது வளைவுல எடது பின் சக்கரம் சுத்தாம அப்படியே புடிச்சுக்கிச்சு. வண்டி வாலை வீசிட்டுப் போயி ஓரச் செவுத்துல அடிச்சுது. டிரைவர் பக்கத்துக் கதவு உள்ள அமுங்கி, வலது கால் முட்டிக்குக் கீழ போயிருச்சு.

டிரில் வாத்தியாருக்குங்க. பசங்களுக்கு ஓடச் சொல்லிக் குடுக்கற மனுசனுக்கு.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து டிரம்மைத் தொறந்து பாத்தாரு. இருங்க, இதை நீங்க தெரிஞ்சுக்கோணும். டிரம்முக்குள்ள ரெண்டு ஷூ இருக்கும், பெறை நெலாவாட்டம். பிரேக்கை மிதிச்சா ரெண்டும் விரிஞ்சு டிரம்மைப் புடிக்கும். காலை எடுத்தா மறுக்காச் சுருங்கோணும்ல? அதுக்கு ஒரு ஸ்பிரிங்கு. ஸ்பிரிங்கு நுனியில கொக்கி. கொக்கியோட வாய் உள்பக்கம் பாத்து இருக்கோணும். வெளிப்பக்கம் பாத்து மாட்டினாலும் வண்டி ஓடுமுங்க. நூறு வண்டியில தொண்ணூத்தொம்பதுக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு வண்டியில மட்டும் கொக்கி டிரம்முல உரசி உரசித் தேஞ்சு, ஒரு நாளு அத்துக்கிட்டு ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல போய்ச் சிக்கிச் சக்கரத்தைப் புடிச்சுக்கும். வாத்தியாரு வண்டி அந்த நூறாவது வண்டி.

"எடது பக்கம் யாரு மாட்டினது?"ன்னு இன்ஸ்பெக்டர் கேட்டாரு. போலீஸ் ஸ்டேசன் வராண்டாவுல நாங்க ரெண்டு பேரும் நிக்கறோம். அண்ணன் என்ற மொகத்தைப் பாக்கலை.

"எடது பக்கம் எப்பவும் தம்பிதானுங்க"ன்னான்.

எப்பவும்! அந்த வார்த்தையைப் பாருங்க. பொய் இல்லை. எப்பவும் நாந்தான். ஆனா அன்னைக்கு நான் வேலை பாதியில எந்திரிச்சுப் போனேன். என்ற புள்ளை பள்ளிக்கூடத்துல உழுந்து பல்லு ஒடைஞ்சு போச்சுன்னு ஆள் வந்து சொன்னாங்க, ஓடினேன். திரும்பி வந்தப்ப எடது டிரம்மு மூடியிருந்துது. அந்த ஸ்பிரிங்கை நான் மாட்டிட்டுப் போனனா, மாட்டாமப் போனனா? ஞாபகம் இல்லீங்க. அந்த வராண்டாவுல நின்னு யோசிக்கறேன், யோசிக்கறேன், புள்ளையோட வாயெல்லாம் ரத்தம், அது மட்டுந்தான் ஞாபகத்துக்கு வருது. அதனால நான் பேசலை. நான் பேசாததை அல்லாரும் ஒத்துக்கிட்டதா எடுத்துக்கிட்டாங்க.

கேஸு நடந்துது, முடிஞ்சுது, அதை உடுங்க. கேஸு முடிஞ்ச மறுநாளு ஒர்க்ஷாப்புல நாலு கஸ்டமரு நிக்கறாங்க. நான் ஜாக்கியை எடுக்கக் குனிஞ்சேன். "கிட்டு, நீ இனிமே காரைத் தொடாதே"ன்னான். சத்தமாக்கூடச் சொல்லலை. நான் ஜாக்கியை அங்கயே வெச்சுட்டு வெளிய வந்துட்டேன்.

பதினொரு வருசமுங்க. இந்த வாசல்ல மொபெட்டு, தண்ணி மோட்டாரு, மருந்தடிக்கற மிசினு, இதுதான் வேலை. ஒரு மொபெட்டுக்குச் செயின் மாட்டினாலும் மூணு தடவை பாப்பேன். குடுத்தனுப்பிட்டு, பொறகால சைக்கிள்ல அவங்க ஊட்டுக்கே போயி மறுக்கா ஒருக்காப் பாத்துட்டு வருவேன். சிரிப்பாங்க. என்ற புள்ளையும் வாத்தியாரோட ஹைஸ்கூல்லதான் படிச்சான், அங்க இருந்து எடுத்து வேற பள்ளிக்கூடத்துல போட்டோம். ஒருத்தன் உங்களை நாலு பேரு முன்னாடி திருடன்னு சொன்னா, நீங்க திருடலைன்னு உங்களுக்காவது தெரியும். எனக்கு அதுகூடத் தெரியாது பாருங்க. அதுதான் அவன் எனக்குச் செஞ்சது.

நானும் சும்மா இருக்கலை. அவன் மகளுக்குச் சீர் வெச்சப்பப் போகலை. கல்யாணத்துக்கும் போகலை. எங்கம்மா செத்தப்ப அவன் தலைமாட்டுல நின்னான், நான் கால்மாட்டுல நின்னேன், சுடுகாட்டுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை கெடையாது. தெனமும் சாயங்காலம் நாலு மணிக்கு அவன் ஒர்க்ஷாப்புக்கு எதுத்தாப்புல இருக்கற டீக்கடைப் பெஞ்சுல போயி உக்காருவேன். நாலுல இருந்து அஞ்சு. அவன் கண்ணுல நான் பட்டுட்டே இருக்கோணும். அவன் ஒரு நட்டைக்கூட நிம்மதியா முடுக்கக்கூடாது. காய்ச்சல் வந்த நாலஞ்சு நாளு தவிர ஒரு நாளும் தவறினதில்லை.

அதனாலதான் அவனைப் பத்தி எனக்கு அல்லாம் தெரியுமுங்க. எந்த வருசம் கண்ணாடி போட்டான், எப்ப பீடியை உட்டான், எப்ப டீக்குச் சக்கரை வேண்டாம்னான், அல்லாம். ரெண்டு வருசத்துக்கு முந்தித் தீபாவளிக்கு மொத நாளு அவன்ற சொந்தக் காருக்குப் பின் பிரேக் ஷூ மாத்தினான். தனியாளா, ரெண்டு பக்கமும் அவனே. எந்திரிக்கறப்ப இடுப்பைப் புடிச்சுட்டு எந்திரிச்சான். போன ஆடியில இருந்து கை நடுங்க ஆரம்பிச்சுது. நல்லா நடுங்கட்டும்னு பாத்துட்டே இருப்பேன். கார்த்திகையில ஒர்க்ஷாப்பை மூடிட்டான். மூடின பொறகும் ஒரு வாரம் போயி உக்காந்தேன், சட்டரைப் பாத்துட்டு. பொறகு எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போயி உட்டுட்டேன்.

மாசி மாசம் ஒரு நாளு காத்தால பத்து மணிக்கு அவன்ற கார் இந்த வாசல்ல வந்து நின்னுது. இரும்பை இரும்புல வெச்சு இழுக்கற சத்தம். எறங்கினது என்ற நங்கை, அதாவது அண்ணன் பொண்டாட்டி, மயிலாத்தா. அவங்களே ஓட்டிட்டு வந்திருக்கறாங்க. கையில புது ஷூ டப்பா.

"தம்பி, புள்ளை வால்பாறையில இருக்கறா, தெரியுமில்ல? வயித்துல எட்டு மாசம். ஞாயித்துக்கெழமை போயிக் கூட்டிட்டு வரோணும். பிரேக்கு இப்படிக் கத்துது."

"டவுன்ல எத்தனை ஒர்க்ஷாப் இருக்குதுங்க, நங்கை."

"உங்கண்ணன் வேற யாருகிட்டயும் குடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. உங்ககிட்டத்தான் குடுக்கோணுமாமா."

திமிரைப் பாத்தீங்களா? அவன் தொடாதேன்னா நான் தொடக்கூடாது. அவன் தொடுன்னா நான் தொடோணும்.

"வெச்சுட்டுப் போங்க"ன்னேன்.

ஏன் வாங்கினேன்? உங்ககிட்ட ஒளிக்கறதுக்கென்ன. அந்தக் கார் வாசல்ல நின்னப்ப என்ற மனசுல மொத வந்தது அந்தக் கொக்கிதான். வாயை வெளிப்பக்கம் பாத்து ஒண்ணே ஒண்ணு மாட்டினாப் போதும். நூத்துல ஒண்ணு. யாரும் என்னையக் கேக்க முடியாது. ஒரு நிமிசம் நெனச்சேன்னு சொன்னாப் பொய். ஒரு டீ குடிச்சு முடிக்கற நேரம் நெனச்சேன். அப்பறம் அந்த எட்டு மாசக்காரி நெனப்பு வந்துது. அவளைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சதுல பாதி நாந்தானுங்க. அதனால உட்டேன். அவளுக்காக உட்டேன், அவனுக்காக இல்லை.

முன் சக்கரத்துக்குக் கல்லு வெச்சு, ஜாக்கி போட்டு, ஸ்டேண்டு குடுத்து, எடது சக்கரத்தைக் கழட்டினேன். பதினொரு வருசத்துக்கு அப்பறம் மொத கார். டிரம்மு வரமாட்டேங்குது. சுத்தியலால சுத்தி வளைச்சுத் தட்டறேன், கை தானா போவுது, அது மறக்கலீங்க. என்ற சம்சாரம் ரத்தினா மூக்குக்குத் துணி கட்டச் சொல்லிட்டு வாசப்படியில நின்னு பாக்கறா. அவளுக்குப் பயம். கடைசியா ஒரு இழுப்புல டிரம்மு கையோட வந்துது.

ஷூ மேல இருக்கற லைனிங் தேஞ்சு ரிவிட்டு பல்லைக் காட்டுது. அது சாதாரணம். நான் பாத்தது அதை இல்லை. கொக்கி. கொக்கியோட வாய் வெளிப்பக்கம் பாத்துட்டு இருக்குது. டிரம்முல உரசி உரசி நுனி ஊசியாட்டம் ஆயிப்போச்சு. இன்னொரு மாசம் தாங்காது.

எந்திரிச்சு ஓடிப் போயி வலது பக்கத்தையும் கழட்டினேன். அங்கயும் அப்படியே. ரெண்டு பக்கமும் அவனே மாட்டினது. கையெழுத்து மாதிரி.

"ஏனுங்க, என்ன? உள்ள பாம்பு கீது இருக்குதுங்களா?"ன்னு ரத்தினா கேக்கறா. நான் மண்ணுல உக்காந்து சிரிக்கறேன். சிரிச்சனா, அழுதனான்னு அவகிட்டத்தான் கேக்கோணும். என்ற கை இல்லீங்க. அந்த ஸ்பிரிங்கை மாட்டினது என்ற கை இல்லை. பதினொரு வருசமா என்ற வேலையோன்னு நான் சந்தேகப்பட்டது அவன் கை வேலைங்க. நான் பல்லு ஒடைஞ்ச புள்ளையைத் தூக்கிட்டு ஓடின நேரத்துல எடது பக்கத்துல உக்காந்து மாட்டினது அவன்.

"சொல்ல முடியாமத்தானுங்க வண்டியை அனுப்பியிருக்கறாரு. தொறந்தா நீங்க பாப்பீங்கன்னு தெரியாதா அவருக்கு?"ன்னா ரத்தினா. பொம்பளைங்களுக்கு இளகின மனசு. எனக்கு அதெல்லாம் காதுல ஏறலை. எனக்கு வேண்டியது கையில கெடைச்சுப் போச்சு.

நான் ஒண்ணையும் மாட்டலை. ரெண்டு சக்கரத்தையும் தொறந்த மேனிக்கே உட்டுட்டு மொபெட்டை எடுத்துட்டு நேரா இன்னாசி வாத்தியாரு ஊட்டுக்குப் போனேன். ரிட்டயர் ஆயி, சர்ச்சு பின்னாடி இருக்கறாரு. கட்டைக்கால் போட்டிருக்கறாரு. என்னையப் பாத்ததும் கதவைச் சாத்த வந்தாரு.

"சாத்தாதீங்க. உங்க காலை எடுத்தவனைக் காட்டறேன், வாங்க"ன்னேன்.

கதவை உட்டாரு. அப்பறம் சட்டையை மாட்டிட்டு வந்தாரு. பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்து, நீங்க இப்ப உக்காந்திருக்கற இதே எடத்துல சேர் போட்டு உக்கார வெச்சேன். நங்கைக்குப் போன் பண்ணி, "அவனைக் கூட்டிட்டு வாங்க, இல்லீன்னா வண்டியில ஒரு நட்டு மாட்ட மாட்டேன்"ன்னேன்.

மூணு மணிக்கு ஆட்டோவுல வந்தாங்க. நங்கை கையைப் புடிச்சுட்டு எறங்கினான். டீக்கடைப் பெஞ்சுல இருந்து பாக்கறது வேற, கிட்டத்துல பாக்கறது வேறங்க. பாதியா ஆயிட்டான். ரத்தினா தண்ணி குடுத்தா, பாதி சட்டையில போச்சு. வாத்தியாரு உக்காந்திருக்கறதைப் பாத்தான். அப்பறம் தொறந்து கெடக்கற சக்கரத்தைப் பாத்தான்.

"பாரு"ன்னேன். பொறந்ததுல இருந்து அவனை நீங்க வாங்கன்னுதான் பேசியிருக்கறேன். அன்னைக்குத்தான் மொத தடவையா நீன்னேன்.

அவன் குனிஞ்சு பாக்கலை. நின்ன எடத்துல நின்னுட்டே, "என்ற வேலைதான்"ன்னான்.

"வாத்தியாரு வண்டி?"

"அதுவும் நாந்தான். நீ புள்ளையைப் பாக்க ஓடின பொறகு நாந்தான் எடது பக்கத்தை முடிச்சு மூடினேன்."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"வாய் வெளிய பாத்து இருந்துதுன்னு இன்ஸ்பெக்டர் சொன்னப்பவே."

கேட்டீங்களா? அன்னைக்கே தெரியும். அந்த வராண்டாவுலயே தெரியும். அவன் இல்லவே இல்லைம்பான், சண்டை போடலாம்னு இருந்தேன். பதினொரு வருசமா வார்த்தை சேத்து வெச்சிருந்தேன். அவன் ஒண்ணுக்கும் எடம் குடுக்கலை. அல்லாத்துக்கும் ஆமாங்கறான்.

"அப்பறமும் ஏன்டா இப்படியே மாட்டினே?"ன்னு கத்தினேன்.

"மத்தவங்க வண்டிக்கெல்லாம் அன்னையில இருந்து பாத்துப் பாத்துத் திருப்பி மாட்டினேன் கிட்டு. என்ற வண்டிக்கு மட்டும் கைப்பழக்கத்துக்கே உட்டுட்டேன். எனக்கு வரவேண்டியது வந்தா வரட்டும்னு."

நங்கை அவன் கையை உட்டுட்டாங்க. "நானும் அதுலதானுங்க வந்தேன்? ரெண்டு வருசமா நானும் அதுலதானுங்க வந்தேன்?"னு கேட்டாங்க. தலையைக் குனிஞ்சுட்டான். எனக்கு அது போதலை.

"வாத்தியாருகிட்டச் சொல்லு"ன்னேன்.

வாத்தியாரு முன்னாடி போயி நின்னு கையைக் கூப்பினான். "உங்க கால் போனது என்ற கையாலங்க. தம்பி மேல பழியைப் போட்டதும் நாந்தான்"னான்.

வாத்தியாரு அவனைப் பாக்கலைங்க. என்னையப் பாத்தாரு.

"கிட்டுசாமி, பதினொரு வருசம் உன்னைய நெனச்சுப் பல்லைக் கடிச்சிருக்கறேன். காத்தால எந்திரிச்சுக் கட்டைக்கால் மாட்டறப்ப உன் பேரைச் சொல்லித் திட்டிட்டுத்தான் மாட்டுவேன். கொஞ்சம் கொஞ்சமா அது கொறைஞ்சு, இப்ப ரெண்டு வருசமாத்தான் நெனைக்காம மாட்டறேன். இப்ப என்ன, இவரை வெச்சு மொதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்றியா?"

"இல்லீங்க வாத்தியாரே, உங்களுக்கு நியாயம்..."

"எனக்கா? எனக்காகவா கூட்டிட்டு வந்தே?"

நீங்களே சொல்லுங்க. ஒரு மனுசனுக்கு உண்மையைக் கண்டுபுடிச்சுக் கையில குடுத்தா, என்னையவே கேள்வி கேக்கறாரு. ரத்தினா உள்ள போயிட்டா. நங்கை செவுத்தோரம் உக்காந்துட்டாங்க. என்னமோ நான் தப்புப் பண்ணினாப்புல அல்லாரும் இருக்கறாங்க.

"சரி கிட்டு, மாட்டிக் குடு. ஞாயித்துக்கெழமை புள்ளை வரோணும்"னான் அண்ணன்.

அப்பத்தான் எனக்குச் சுள்ளுனு ஏறுச்சு. "நான் மாட்ட மாட்டேன். நீ மாட்டு. வாத்தியாரு பாக்க, வாயை உள்பக்கம் வெச்சு, நீ மாட்டு"ன்னு உக்கார்ற பலகையைத் தூக்கி எடது சக்கரத்துக்கு முன்னாடி போட்டேன்.

உக்காந்தானுங்க. புது ஷூவை நானே வெச்சுக் குடுத்தேன், பின்னு போட்டுக் குடுத்தேன், ஸ்பிரிங்கு மட்டும் மிச்சம். இடுக்கியில புடிச்சு இழுக்கறான், கை ஆடுது, ஸ்பிரிங்கு தெறிச்சு என்ற காலுகிட்ட வந்து உழுவுது. எடுத்துக் குடுத்தேன். மறுக்காத் தெறிச்சுது. மறுக்கா எடுத்துக் குடுத்தேன். "போதுமுங்க தம்பி, அவருக்கு முடியாது"ன்னாங்க நங்கை. "மாட்டட்டும்"னேன். நாலு தடவை. அஞ்சு தடவை. மூஞ்சியெல்லாம் வேர்வை. கண்ணாடி நழுவுது, அதை மேல ஏத்தக்கூடக் கை வரலை. முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உட்டிருப்பேன். சொல்லலை. ஆறாவது தடவை இடுக்கி வழுக்கி விரல் முட்டி கிழிஞ்சு ரத்தம் வந்துது. வேட்டியில தொடைச்சுட்டு மறுக்கா ஸ்பிரிங்கை எடுக்கறான்.

நான் அவன் பக்கத்துல குந்தி, ரெண்டு கையிலயும் ஷூவை அமுக்கிப் புடிச்சுட்டேன். ஷூ ஆடாம நின்னா ஸ்பிரிங்கு சுளுவா ஏறுமுங்க. நீங்க தப்பா நெனைச்சுக்காதீங்க, பாவம் பாத்தெல்லாம் இல்லை. லைனிங்ல ரத்தம் பட்டாப் பிரேக்கு புடிக்காது, புது ஷூ வீணாப் போயிரும். அதுக்குத்தான் புடிச்சேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ"ன்னான்.

எறக்கிப் புடிச்சேன்.

"ம். அப்படியே இரு."

டக்குன்னு ஏறுச்சு. வாய் உள்பக்கம். ரெண்டு பேரும் கையை எடுக்காம அதையே பாத்துட்டு இருந்தோம். ஒரே சக்கரத்துல நாங்க ரெண்டு பேரும் உக்காந்தது அதுதான் மொத தடவை.

வாத்தியாரு எந்திரிச்சு வந்து எட்டிப் பாத்தாரு. "இவ்வளவு சின்னதா?"ன்னாரு. அந்த ஆட்டோவுலயே ஏறிப் போயிட்டாரு, அண்ணனும் நங்கையும் ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். என்ற மொபெட்ல வரலைன்னுட்டாரு.

வலது பக்கத்தை நானே மாட்டினேன். பிரேக் ஆயில்ல இருந்த காத்தை வெளிய எடுத்தேன், கை பிரேக்கை இழுத்துப் பாத்தேன், கோட்டூர் வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன். ஞாயித்துக்கெழமை காத்தால வால்பாறைக்கு ஓட்டிட்டுப் போனதும் நாந்தானுங்க. நங்கைக்கு எறக்கத்துல ஓட்டிப் பழக்கம் பத்தாது. தவிர, நான் போட்ட பிரேக்கு மலையில எப்படி நிக்குதுன்னு நான் பாக்கோணுமில்ல? வர்றப்ப அந்தப் புள்ளை பின் சீட்டுல சாஞ்சு தூங்கிட்டே வந்தா. நாப்பது வளைவு. ஒம்பதாவது வளைவுல மட்டும் முழிச்சுப் பாத்து, "சித்தப்பா, மெதுவா"ன்னா. மெதுவாத்தான் வந்தேன். ஊட்டு வாசல்ல எறக்கி உட்டேன், உள்ள போகலை. அண்ணன் கதவுகிட்ட நின்னான். சாவியைத் திண்ணைத் திட்டு மேல வெச்சுட்டுத் திரும்பி நடந்துட்டேன். மன்னிக்கலீங்க. மன்னிக்கறதுக்கு என்ன இருக்குது அதுல?

இந்தாங்க, உங்களுதும் முடிஞ்சுது. கொக்கியை நீங்களே குனிஞ்சு பாருங்க. பாத்துட்டீங்களா? மூடறேன்.

உங்களை இங்க அனுப்பினது யாருன்னு நான் கேக்கலை. கேக்க வேண்டியதில்லீங்க. இந்த மாசத்துல நீங்க ஏழாவது ஆளு. அவன் ஊட்டு முன்னாடி சேர் போட்டு உக்காந்துக்கறானாமா. ஒர்க்ஷாப் மூடிக் கெடக்குதுன்னு விசாரிச்சுட்டு வர்றவங்க அல்லாருகிட்டயும், "வாத்தியாரு கால் போனது என்ற கையால, தம்பி மேல பழியைப் போட்டுட்டேன், கார் வேலைன்னா அவன்கிட்டப் போங்க"ன்னு சொல்றானாமா. மொத ஆளு வந்து சொன்னப்ப எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. பதினொரு வருசமா ஊருக்குள்ள நான் சொல்லோணும்னு வெச்சிருந்ததை அவன் எடுத்துச் சொல்லிட்டு இருக்கறான். அவனே சொல்லிட்டா நான் எதைச் சொல்றதுங்க? அதையும் எங்கிட்ட இருந்து புடுங்கிட்டான் பாருங்க.

வண்டியை எடுங்க. ஷூ டிரம்மோட படியற வரைக்கும் கொஞ்ச தூரம் மெதுவாப் போங்க. நீங்க அந்த வழியாத்தானே போவீங்க? அவன் வெளிய உக்காந்திருப்பான். கிட்டுசாமி இன்னும் மன்னிக்கலைன்னு சொல்லுங்க. மறந்துறாதீங்க, அதை மொதல்ல சொல்லுங்க. அப்பறம், வியாழக்கெழமை வரைக்கும் எனக்குக் கையில வேலை இருக்குது. அடுத்த ஆளை வெள்ளிக்கெழமைக்கு மேல அனுப்பச் சொல்லுங்க.